செவுள் மேடமும் கை நனைக்காத வைரஸும்

ஒவ்வொரு மீனாக எடுத்துச் செவுளைத் தூக்கிப் பார்த்துக்கொண்டே வருகிறார். முழு விரல் கூட இல்லை, சுண்டுவிரல் நகம் மட்டும். புத்தகக் கடையில் வாங்கும் எண்ணம் இல்லாதவர்கள் பக்கம் புரட்டுவார்களே, அந்த மாதிரி. பின்னால் வரிசை நீள்கிறது. கடைக்காரர் கத்தியைக் கீழே வைத்துவிட்டு இடுப்பில் கை வைக்கிறார்.

"மேடம், வாங்குறதா இருந்தா வாங்குங்க. இல்லன்னா விட்டுடுங்க. அதுவே செத்துப் போய்க் கெடக்கு, பாவம்."

"செத்துப் போச்சுன்னு எனக்கும் தெரியும்பா. எதுல செத்துச்சுன்னுதான் பாக்கறேன்."

வரிசை அந்த நொடியே கலைந்துவிட்டது. அந்தக் கேள்வியைக் காதில் வாங்கிய பிறகு யாருக்கு மீன் வாங்க மனம் வரும்? எதிர்க்கடையில் கத்திரிக்காய் வியாபாரம் சூடு பிடித்தது. கத்திரிக்காய்க்காரர் அவருக்கு எப்போதும் வணக்கம் சொல்வதன் காரணம் எனக்கு அன்றுதான் விளங்கியது.

எங்கள் தெருவில் அவருக்குச் ‘செவுள் மேடம்’ என்று பெயர். எந்த மீனைக் கண்டாலும் செவுளைத் திறந்துவிடுவதால் வந்த பெயர் என்று சிலர் சொல்வார்கள். கோபம் வந்தால் "செவுள்லயே ஒண்ணு விட்டேன்னா..." என்று ஆரம்பிப்பதால் வந்தது என்று சிலர் சொல்வார்கள். நானறிந்து யார் செவுளிலும் அவர் விட்டதில்லை. அந்த வாக்கியத்தை முடித்ததும் இல்லை.

வேலை, மீன்களுக்கு வரும் வைரஸ் நோய்களை ஆராயும் சோதனைக்கூடத்தில். மலைப்பக்கம் குளிர்ந்த ஓடைத் தண்ணீரைத் திருப்பிவிட்டு, குளம் வெட்டியும் தொட்டி கட்டியும் சால்மன், டிரவுட் என்ற இரண்டு மீன்களை வளர்க்கிறார்கள். இரண்டும் நெருங்கிய சொந்தம், ஒன்றுவிட்ட அண்ணன் தம்பி மாதிரி. ஒன்றுக்கு வரும் நோய் இன்னொன்றுக்கு வருமா, வராதா, வராதென்றால் ஏன் வராது என்பதுதான் மேடத்தின் ஆராய்ச்சி. இதை அவர் சோதனைக்கூடத்தோடு நிறுத்திக்கொண்டால் பரவாயில்லை. பேருந்து நிறுத்தத்தில், வங்கி வரிசையில், மின்தூக்கியில், யார் கிடைத்தாலும் விடமாட்டார். அவருடைய கணவர் பல் டாக்டர். சாயங்காலங்களில் மேடம் அவருடைய மருத்துவமனைக்குப் போய் உட்கார்ந்து, நாற்காலியில் படுத்திருக்கும் நோயாளிகளுக்கு வைரஸ் பற்றிச் சொல்லத் தொடங்கிவிடுவார்.

"அவங்கள விட்டுடும்மா. வாயத் தெறந்துக்கிட்டு இருக்காங்க, ‘போதும்’னுகூட சொல்ல முடியாது" என்று கணவர் கெஞ்சுவார்.

நான் அவர்கள் வீட்டுக்குக் கீழ்வீட்டில் குடியிருப்பதால் அந்தப் பாடத்தைப் பலமுறை வாயை மூடிக்கொண்டே கேட்டிருக்கிறேன்.

"வைரஸுன்னா கண்ட எடத்துல மேயற மாடுன்னு நெனச்சீங்களா? அது பயங்கர ரோஷக்காரப் பய. எல்லார் வீட்டுலயும் கை நனைக்காது. சால்மன் வீட்டுல சாப்ட்டுப் பழகினது டிரவுட்டு வீட்டுக்குப் போனா வாசல்லயே நிக்கும். உள்ள கூப்ட்டாலும், ‘வேணாங்க, இப்பதான் சாப்ட்டேன்’னு பேருக்கு ஒரு வாய் தின்னுட்டு வந்துரும்."

"அப்ப பயமில்லைங்கறீங்க."

"அங்கதான் சிக்கல். அந்தப் பயலுக்குப் பாத்து எழுதக்கூடத் தெரியாது. தன்னைப் பாத்துத் தன்னையே காப்பி எடுக்கறான், அதுலயும் தப்பு. ‘வாழை’ன்னு எழுதச் சொன்னா ‘வாளை’ன்னு எழுதி வெப்பான். மாறினது ஒரே எழுத்து. ஆனா மரமா இருந்தது மீனாயிடுச்சா இல்லையா? அந்த மாதிரி என்னைக்காவது ஒரு எழுத்து ஏடாகூடமா விழும். அன்னையிலேருந்து பக்கத்து வீட்டுச் சாப்பாடும் ருசிக்க ஆரம்பிச்சுரும்."

அவர்கள் வீட்டில் இரண்டு குளிர்சாதனப் பெட்டிகள். ஒன்றில் ‘சாப்பிடலாம்’ என்று எழுதி ஒட்டியிருக்கும். மற்றதில் ‘சாப்பிட்டால் பேசமாட்டேன்’. ஒருமுறை கணவரின் தங்கை வந்திருந்தபோது, எழுதியதைப் படிக்காமல் இரண்டாவது பெட்டியிலிருந்த டிரவுட்டை எடுத்து மொறுமொறுவென்று வறுத்துத் தின்றுவிட்டார். விஷயம் தெரிந்ததும் அந்த அம்மாள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு, "ஐயோ அண்ணி, எனக்கு வைரஸ் வந்துருமா?" என்று அலறினார்.

"உனக்கு எப்படி வரும்? நீ என்ன மீனா? வந்தா அதுக்குத்தான் அவமானம்" என்றார் மேடம். பிறகு எலும்புகளை ஒவ்வொன்றாகத் தட்டிலிருந்து பொறுக்கி எடுத்துப் பார்த்து, ஆராய்ச்சிக்கு ஒன்றும் மிஞ்சவில்லை என்று தெரிந்ததும் சொன்னபடியே பேச்சை நிறுத்திவிட்டார். நாத்தனாரும் சளைக்கவில்லை. "மீனு நல்லாத்தான் இருந்துச்சு" என்று போகும்போது வாசலில் நின்று சொல்லிவிட்டுப் போனார்.

போன மழைக்காலத்துக்கு முன் ஒருநாள் காலையில் மேடம் என் கதவைத் தட்டினார்.

"எழுத்தாளரே, சும்மாதானே இருக்கீங்க?"

"எழுதிக்கிட்டு இருக்கேன்."

"அதத்தான் கேட்டேன். வாங்க, வண்டியில ஐஸ் பெட்டியப் புடிச்சுக்க ஆள் வேணும்."

இப்படித்தான் நான் ஒரு மலைப் பள்ளத்தாக்கின் சண்டையில் போய் மாட்டினேன்.

ஓடையின் கீழ்ப்பக்கத்தில் ஒரு பண்ணை. வட்ட வட்டமாகப் பெரிய தொட்டிகள், அவற்றில் சால்மன். வாசலில் கிருமிநாசினி ஊற்றிய தட்டில் காலை முக்கிவிட்டுத்தான் உள்ளே போகவேண்டும். நான் செருப்போடு தயங்கினேன். "செருப்பா? நல்லதாப் போச்சு, செருப்போட காலும் சுத்தமாயிரும்" என்று முதுகில் கை வைத்துத் தள்ளினார் மேடம்.

தொட்டிகளில் மீன்கள் நீந்தவில்லை. தண்ணீரின் மேல்மட்டத்தில், வேலைக்குப் போக மனமில்லாதவர்கள் மாதிரி, தலையைத் தூக்கிக்கொண்டு சும்மா மிதந்தன. சில பக்கவாட்டில் சாய்ந்துவிட்டிருந்தன. பண்ணைக்காரர் ஒல்லியானவர், சட்டைப் பொத்தான்களை மாற்றிப் போட்டிருந்தார். கண் சிவந்திருந்தது. எங்களைக் கண்டதும் கத்தத் தொடங்கினார்.

"எல்லாம் மேல இருந்து வர்றது மேடம்! அவரு மீன் கழுவுற தண்ணி! அவரு குளத்து வைரஸு!"

"அவருன்னா எவரு?"

"அவரு" என்று மலைப்பக்கம் தாடையை நீட்டினார்.

பண்ணைக்காரரின் மனைவி மெல்ல என் காதருகே வந்து, "இவரோட கூடப் பொறந்த அண்ணன்" என்றார்.

அப்பா இருந்தவரை இரண்டு பிள்ளைகளும் சேர்ந்து மேல்குளத்தில் டிரவுட் வளர்த்தார்கள். அப்பா போன பிறகு தம்பி, சால்மனில்தான் வருங்காலம் இருக்கிறது என்று கீழே தனியாகத் தொட்டி கட்டினார். "அப்பா வளத்த மீனு உனக்குக் கேவலமாப் போச்சா?" என்று அண்ணன் கேட்டார். அதுதான் அவர்கள் கடைசியாகப் பேசிக்கொண்டது. கேள்விக்கு இன்னும் பதில் வரவில்லை. வருஷங்கள் ஓடிவிட்டன.

மேடம் ஒரு மீனை எடுத்து வழக்கம்போல முதலில் செவுளைத் தூக்கினார். ரத்தமில்லாமல் வெளிறிக் கிடந்தது. வயிற்றைக் கீறி இதயத்தை வெளியே எடுத்தார். பட்டாணிக்குக் கொஞ்சம் பெரியது. அதை உள்ளங்கையில் வைத்து வெளிச்சத்தில் பார்த்தபோது முதல்தடவையாக அவர் பேசாமல் இருந்ததைப் பார்த்தேன். பண்ணைக்காரர் மட்டும் மலையைப் பார்த்துக் கத்துவதை நிறுத்தவில்லை.

"தம்பி, உங்க மீனுக்கெல்லாம் நெஞ்சுல கோளாறு. தசை வீங்கிப் போயிருக்கு. இதுங்களத் தொடக்கூடாது, தொரத்தக்கூடாது, அதிர்ச்சி குடுக்கக்கூடாது. உங்க மாமாவுக்கு நெஞ்சு வலின்னா, கட்டில் பக்கத்துல நின்னு இப்படித்தான் கத்துவீங்களா?"

"எங்க மாமாகிட்டயும் நான் பேசறதில்ல மேடம்."

"செவுள்லயே ஒண்ணு விட்டேன்னா..." என்றார் மேடம்.

அண்ணனின் பண்ணைக்கு ஏறினோம். பெரியவர் ரப்பர்க் கால்சட்டையோடு குளத்துக்குள் மார்பளவு நீரில் நின்றுகொண்டிருந்தார். அவரைச் சுற்றி டிரவுட்டுகள் துள்ளிக்கொண்டிருந்தன. விஷயத்தைச் சொன்னதும் கரையேறாமலே பதில் வந்தது.

"தண்ணி எடுத்துக்கங்க. மீன் எடுத்துக்கங்க. அவன் பேர மட்டும் இங்க எடுக்காதீங்க."

திரும்பி வரும் வழியெல்லாம் ஐஸ் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு தொடை மரத்துப்போய் உட்கார்ந்திருந்தேன். "மேலேருந்துதான் வந்திருக்கும்போல" என்று மேடமே சொன்னார். விரைவுச் சோதனையும் அதையே சொல்லியது. இரண்டு பண்ணை மீன்களிலும் வைரஸ் இருந்தது.

மீன்வளத் துறை அதிகாரி உடனே முடிவெடுத்துவிட்டார். நோய் தண்ணீரோடு கீழே இறங்குகிறது, ஆகவே மேல்குளத்து டிரவுட்டுகள் அத்தனையையும் கொன்று, குளத்தைக் காயப்போட்டு, சுண்ணாம்பு அடிக்கவேண்டும். செய்தி போன வேகத்தில் தம்பி, மேடத்தின் கைபேசிக்கு வரிசையாகக் கட்டைவிரல் படங்களை அனுப்பினார். அண்ணன் ஒன்றும் அனுப்பவில்லை. குளத்துக்குள் இறங்கி நின்றுகொண்டு, "மொதல்ல என்னைய வலை போட்டுப் புடிங்க, அப்புறம் மீனப் புடிங்க" என்றாராம். வலைக்காரர்கள் கரையில் உட்கார்ந்து அவர் எப்போது ஏறுவார் என்று பார்த்துவிட்டு, சாப்பாட்டு நேரம் ஆனதும் போய்விட்டார்கள்.

மேடத்துக்கு ஏதோ உறுத்திக்கொண்டே இருந்தது. மாடிப்படியில் என்னை நிறுத்தினார்.

"டிரவுட்டுக்குள்ளயும் அந்த வைரஸ் இருக்குது. ஆனா ஒண்ணுகூட சாகல. லேசா வெளிறியிருக்கு, அவ்வளவுதான். நல்லா தின்னுது, குதிக்குது. வீட்டுக்காரனுக்குத் தெரியாமயே குடியிருக்கிற வாடகைக்காரன் மாதிரி இருந்துட்டுப் போறான். அதே ஆளு கீழ போய் கொலை பண்ணுவானா?"

"சோதனை ரெண்டும் ஒண்ணுன்னு சொல்லுதே."

"அந்தச் சோதனை இனிஷியல மட்டும்தான்யா படிக்கும்!"

அன்றே அதிகாரிக்குத் தொலைபேசினார். மாடியிலிருந்து எனக்கும் கேட்டது. தெருவுக்கே கேட்டிருக்கும். "இந்த அண்ணன் தம்பி ரெண்டு பேருக்கும்கூட ஒரே இனிஷியல்தான் சார். தம்பி திருடினா அண்ணன உள்ள தூக்கி வெப்பீங்களா? முழுப் பேரையும் படிச்சிட்டுச் சொல்றேன், அதுவரைக்கும் ஒரு மீனத் தொடக்கூடாது." அதிகாரி நல்ல மனிதர்தான். கொஞ்சம் அவகாசம் கொடுத்தார். ஆனால் தப்பாகப் போனால் பொறுப்பு மேடத்தின் தலையில் என்றும் சொன்னார். மேடம் தடுத்ததாலேயே நோய் பரவியது என்றாகிவிட்டால் வேலைக்கே ஆபத்து. அன்று சாயங்காலம் மேடம் கணவரின் மருத்துவமனைக்குப் போகவில்லை. நோயாளிகள் நிம்மதியாக வாயைத் திறந்தார்கள்.

வைரஸின் மரபுச் சரத்தை எழுத்தெழுத்தாகப் படிக்கும் இயந்திரம் ஒன்று சோதனைக்கூடத்தில் உண்டு. அதற்கு மேடம் வைத்திருக்கும் பெயர் ‘மாப்பிள்ளை’. ஏசி இல்லாமல் உட்காராது. விலையுயர்ந்த மருந்துகளைத் தவிர வேறெதையும் வாயில் வைக்காது. காரணம் சொல்லாமல் முறுக்கிக்கொள்ளும். சரியாக அந்த வாரம் பார்த்து முறுக்கிக்கொண்டது. மேடம் அதன் முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்து, "என்னய்யா கொறை உனக்கு? சொன்னாத்தானே தெரியும்?" என்று கேட்டாராம். பழுதுபார்ப்பவர் வந்து ஒரு குழாயைத் துடைத்து மாட்டியதும் சரியாகிவிட்டது. தன் பேச்சுக்குத்தான் இறங்கி வந்தது என்று மேடம் இன்றும் நம்புகிறார்.

படித்துப் பார்த்ததில் இரண்டும் வேறு வேறு. சொந்தம் உண்டு, முன்னோர் ஒன்று, ஆனால் எப்போதோ பிரிந்து எழுத்துப் பிழைகள் சேர்ந்து சேர்ந்து தனித்தனிக் குடும்பமாகிவிட்டவை. ஒன்று டிரவுட்டின் உடம்புக்குள் பழகி அடங்கியது. மற்றது சால்மனின் இதயத்தைத் தேடிப் போவது. மேல்குளத்தில் அந்த இரண்டாவது வைரஸின் வாடையே இல்லை.

"அப்ப இது எங்கேருந்து வந்துச்சு?" என்று என்னைக் கேட்டார், நான் கொண்டு வந்ததைப்போல.

மறுபடியும் கீழ்ப்பண்ணைக்குப் போனோம். குஞ்சுகளை எங்கே வாங்கினீர்கள் என்று கேட்டார். தம்பி ஒரு ஊரைச் சொன்னார், தூரத்தில். முதல்தரக் குஞ்சு என்று நெஞ்சை நிமிர்த்தினார். அப்போது அவர் மனைவி குறுக்கிட்டார்.

"வர்ற வழியில செத்த குஞ்சுங்கள எடுத்து வெச்சிருக்காரு மேடம், அந்த வியாபாரிகிட்ட சண்டை போடறதுக்கு. குழந்தைங்க ஐஸ்கிரீமுக்கு அடியில! எத்தன வாட்டி சொல்லிட்டேன், தூக்கிப் போடுங்கன்னு. இப்பவாவது எடுத்துட்டுப் போங்க, உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

மேடம் அந்த உறைந்த பொட்டலத்தை இரு கையாலும் வாங்கிக்கொண்டார். பிறந்த குழந்தையைக்கூட யாரும் அவ்வளவு பக்குவமாக வாங்கி நான் பார்த்ததில்லை. மாப்பிள்ளை இந்தமுறை முறுக்கவில்லை. குஞ்சுகளில் இருந்ததும், தொட்டி மீன்களைக் கொன்றதும் எழுத்துக்கு எழுத்து ஒன்று. வைரஸ் மலையிலிருந்து இறங்கவில்லை. தம்பியே வண்டி வைத்து அழைத்து வந்திருந்தார்.

அதிகாரி உத்தரவைத் திரும்பப் பெற்றார். தொலைபேசியில் சொல்லிவிட்டால் போதும்தான். "போன்ல சொன்னா தம்பி கட் பண்ணிட்டுத் தொட்டிப் பக்கம் போய்க் கத்துவாரு" என்று மேடம் இருவரையும் இரு பண்ணைக்கும் நடுவிலுள்ள சிறு பாலத்துக்கு வரச் சொன்னார். அண்ணன் பாலத்தின் மேல்முனையில் நின்றார். தம்பி கீழ்முனையில். கைநீட்டினால் தொட்டுவிடும் பாலம் அது.

மேடம் எல்லாவற்றையும் சொன்னார். தம்பியின் முகம் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. "அப்ப நானே... காசு குடுத்து..." என்றவர் பாலத்துக் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

"வியாபாரியே பாத்திருக்க மாட்டான் தம்பி. வெளியே தெரியாது. இருக்கிறதுல பாதிக்கு மேல பொழச்சுக்கும். அமைதியா விடணும், தண்ணியில காத்து நெறைய வேணும்" என்றார் மேடம். அவர் குரல் அவ்வளவு இறங்கி நான் கேட்டதில்லை.

பிறகு தம்பி மேடத்தைப் பார்த்துச் சொன்னார்:

"அவருகிட்ட சொல்லுங்க மேடம். அவரு மீனு மேல சந்தேகப்பட்டது தப்புதான்னு."

அண்ணனுக்குக் கேட்காமல் இல்லை. ஆனாலும் மேடத்தின் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார். மேடம் திரும்பி, "தம்பி தப்புங்கறாரு" என்றார்.

"அப்பாவோட மீன விட்டுட்டுப் போனப்பவே தப்பு ஆரம்பிச்சிருச்சுன்னு அவன்கிட்ட சொல்லுங்க."

"அண்ணனுக்கு அப்பா ஞாபகம் வருதாம்."

தம்பி நெற்றியைச் சுருக்கினார். "அவருக்கு மட்டும்தான் அப்பாவான்னு கேளுங்க."

"தம்பிக்கும் வருதாம்."

அண்ணன் தொண்டையைச் செருமினார். "என்கிட்ட ஒரு காத்து பம்பு சும்மா கெடக்கு. வேணும்னா வந்து கேக்கச் சொல்லுங்க."

"அண்ணன் பம்ப அவரே தூக்கிட்டு வந்து மாட்டித் தரேங்கறாரு."

"நான் எப்ப அப்படிச் சொன்னேன்?" என்றார் அண்ணன், அதிர்ந்து.

"அதானே!" என்றார் தம்பி. "அவரு எங்க மேடம் அப்படிச் சொன்னாரு? வந்து கேக்கச் சொல்லுன்னுதானே சொன்னீங்க?"

கடைசி வார்த்தை மேடத்தைப் பார்த்துச் சொன்னதல்ல.

"ஆமாடா. அதத்தான் சொன்னேன்" என்றார் அண்ணன்.

இருவரும் தாங்கள் செய்துவிட்டதைக் கண்டு திகைத்து நின்றார்கள். மேடம் கவனமின்மையால் மாற்றிச் சொன்னாரா, வேண்டுமென்றே செய்தாரா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. கேட்டால் செவுளில் விடுவேன் என்பார்.

"நான் எதுக்கு வந்து கேக்கணும்?" என்றார் தம்பி.

"பின்ன, நான் வந்து உன் வாசல்ல நிக்கணுமா? சால்மன் வளக்கிற பெரிய மனுஷன்!"

"என் மீன ‘ரோஸ் பவுடர் பூசின டிரவுட்டு’ன்னு ஊர் பூரா சொன்னது யாரு? நீங்கதானே?"

"சொன்னேன்! இப்பவும் சொல்றேன்! நாளைக்குக் காலையில வந்து பம்பத் தூக்கிட்டுப் போடா! பெரிய பம்பையும் சேத்துத் தூக்கிட்டுப் போ!"

"தூக்கிட்டுப் போறேன்! என்ன இப்ப?"

அதற்குப் பிறகு தேங்கிக் கிடந்த வருஷங்கள் எல்லாம் மடை திறந்ததுபோல வந்தன. ஏணியை யார் உடைத்தது, சித்தப்பாவிடம் யார் கோள் மூட்டியது, அப்பாவின் கடைசி நாட்களில் ரேடியோவை ஏன் அணைத்தாய் என்பது. பாலத்தின் நடுவுக்கு எப்போது வந்தார்கள் என்று தெரியவில்லை, மூக்கோடு மூக்கு இடிக்க நின்று கத்திக்கொண்டிருந்தார்கள். தம்பியின் மனைவி முந்தானையில் கை துடைத்தபடி ஓடி வந்தார். "மேடம், வெலக்கி விட வேணாமா?" என்று கேட்டேன்.

அவர் அதற்குள் வண்டியில் ஏறிவிட்டிருந்தார். பைக்குள் துழாவி, சோதனைக்கு மாதிரி எடுக்கும் பஞ்சைக் கொஞ்சம் பிய்த்து உருட்டி, இரண்டு காதிலும் அடைத்துக்கொண்டார். எனக்கும் இரண்டு உருண்டை நீட்டினார். பிறகு இருக்கையைப் பின்னால் சாய்த்து, காலை நீட்டி, கண்ணை மூடிக்கொண்டார்.